முன்னிலை

புன்டா அரேனாஸில் காற்று மிகும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு நட என்று அர்த்தம்.
நான் பிடிக்கவில்லை.
தொப்பி போனது.

நண்டு இறங்குதுறைப் பதிவேட்டுக்கு
நிர்வாகப் பக்கம் எழுதுவது என் பிழைப்பு.
எழுதுவது என்ன, பாதியை ஜாங்கோவே எழுதிவிடும்.
மீதிப் பாதியில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நீரிணைக்கு அப்பால் போர்வெனிரில் உபெர்லிண்டா பர்ரியா:
ஒரு தராசு, ஒரு கெட்டில், கையுறை கழற்றாத விரல்கள்.
வடக்கே நட்டாலெஸில் ட்ராகோ கரெலோவிச்.
ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.
இருவரும் கேட்டது ஒன்றே:
"பட்டியலில் எங்கள் துறைப் படகுகள் மட்டும் வரட்டும்.
நூற்றுப் பதினேழுக்குள் தேடினால் விரல் விறைக்கிறது."

நியாயம்தான்.
ஆனால் கேட்பது யாரென்று தெரிந்தால்தானே
எதைக் காட்டுவது என்று தெரியும்.

கோரிக்கை வாசலுக்கு வரும்போது
பெயரோடு வருகிறது, அடையாளத்தோடு வருகிறது,
வந்த நேரத்தையும் சொல்கிறது.
வாசலில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும்.
உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் படிவத்துக்கு
ஒன்றும் தெரியாது.
அதற்கு எல்லோரும் படர்க்கை.
அவர், அவள், யாரோ.
எதிரில் நிற்பவரை 'நீ' என்று சொல்ல
யாரும் அதற்குக் கற்றுத்தரவில்லை.

நான் குறுக்குவழி கண்டேன்.
படிவங்களை வார்க்கும் அச்சிலேயே
வந்தவர் பெயரைக் கீறிவிட்டேன்.
ஒரே ஒரு வரி.
சோதித்தேன், சரியாக வந்தது.
தனியாகச் சோதிப்பவனுக்கு
எல்லாம் சரியாகத்தான் வரும்.

செவ்வாய் மாலை ஆறு நாற்பது.
இரண்டு துறைகளில் இரண்டு விரல்கள்
ஒரே நொடியில் தட்டின.
அச்சில் இருந்த உபெர்லிண்டா பெயரின் மேல்
ட்ராகோ பெயர் ஏறியது.
அவள் திரையில் நட்டாலெஸின் படகுகள் விரிந்தன.
அவள் பட்டியலைப் படிப்பதில்லை.
எப்போதும் மூன்றாவது. ஒனோஃப்ரே மான்சில்லாவின் படகு எப்போதும் மூன்றாவது.
முந்நூற்று நாற்பது கிலோ நண்டு
பார்த்தறியாத ஒருவன் கணக்கில் இறங்கியது.

வெள்ளிக்கிழமை மான்சில்லா படகேறி வந்தார்.
ஈர ரசீதை என் விசைப்பலகைமேல் வைத்தார்.
சத்தம் போடவில்லை.
"இதைப் பிடித்தது யாரென்று
உங்கள் இயந்திரத்தைக் கேளுங்கள்" என்றார்.
கேட்டேன்.
கூசாமல் வேறொரு பெயர் சொன்னது.

திருத்தப் பதினொரு நாள், நான்கு முத்திரை.
வரியை அழிக்க ஒரு நொடி.

பிறகு நேர்வழி.
வாசலில் கோரிக்கையைக் கையில் வாங்கி
அறை அறையாகக் கடத்தி
வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புதுப் படிவம்.
பிறக்கும்போதே அதன் காதில்
"உன்னைக் கேட்பவர் இன்னார்."
திறக்கும்போது மட்டுமல்ல, சேமிக்கும்போதும்.
(இதை மறந்து இன்னொரு நாள் போனது.)
வேலை முடிந்ததும் அது போய்ச் சேரட்டும்.
ஒருவர் பெயரைச் சுமந்துகொண்டு
அடுத்தவர் முன் நிற்க வேண்டாம்.

இந்த முறை நான் தனியாகச் சோதிக்கவில்லை.
இருவரையும் ஒரே தொலைபேசி இணைப்பில் வைத்து
"ஒன்று, இரண்டு, தட்டுங்கள்" என்றேன்.
தட்டினார்கள்.
"என் படகுகள்" என்றாள் அவள்.
"என்னுடையவை" என்றான் அவன்.
இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை.
கெட்டில் கொதிக்கும் சத்தம்.
"அன்றைக்கு உங்கள் படகுகளைப் பார்த்தேன்,
ஒரு நொடிதான்" என்றாள்.
"அதில் ஒன்றுக்கு ஏன் 'மாமியார்' என்று பெயர்?"
அவன் சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.
அது எனக்கான பதில் இல்லை.
ஒலிவாங்கியை வைத்தேன்.

வீட்டுக்குப் போகும்போது கயிற்றைப் பிடித்தேன்.
எதிரே யாரோ அதே கயிற்றைப் பிடித்து வந்தார்,
கண்வரை கம்பளி சுற்றி.
கடக்க வேண்டுமென்றால்
இருவரில் ஒருவர் கைவிட வேண்டும்.
"யார்?" என்று கேட்டேன்.
அவரும் ஏதோ கேட்டார்.
காற்றில் கேட்கவில்லை.